புல் செதுக்கிய கரை

இறால் குளத்து வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். உப்புக் கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்துத் தண்ணீரின் உப்பு அளவைப் பார்ப்பது, தீனித் தட்டை இறக்கி ஏற்றுவது, காற்றுக் கலக்கும் தண்ணீர்ச் சக்கரத்தை எப்போது ஓட விடுவது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே பழகிவிடும். அதற்கு நான் தேவையில்லை. எல்லாக் கருவியும் கையில் இருக்க, தண்ணீரும் கண்ணுக்கு முன்னால் இருக்க, விஷயம் தெரிந்த ஒருவன் எப்படி அரை நாள் வாயை மூடிக்கொண்டு நின்றான் என்பதைத்தான் எழுதப் போகிறேன். அப்படி நின்றவன் நான்தான்.

நான் ஆறாம் வகுப்போடு தோட்டப் பள்ளிக்கூடத்தை விட்டவன். அதனால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுபாவத்தில் கவலைக்காரன். மதகுப் பலகை சரியாக இறங்கியிருக்கிறதா என்று மூன்று முறை போய்ப் பார்ப்பேன். வீட்டுக்குச் சைக்கிளில் பாதி வழி போனபிறகு நான்காம் முறையாகத் திரும்பி வருவேன். இதை வைத்துக் குளத்தில் என்னைக் கேலி பேசாத ஆளில்லை. ஆனால் கவலைப்படுகிறவன் எல்லாவற்றையும் கவனிப்பான் என்று நினைத்துவிடாதீர்கள். தனக்கு வலிக்கும் இடத்தை மட்டும் பார்க்காமல் விட்டுவிடவும் அவனுக்குத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் மலேசியாவில் கோலசிலாங்கூர் ஆற்றுவாய்ப் பக்கம் கண்டல் காட்டை வெட்டி, ஆறு குளம் தோண்டி, ஒரு சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், புலி இறால் வளர்த்தார். அதற்கு முன் நான் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் புல் செதுக்கும் கூட்டத்தில் இருந்தேன். அங்கே எங்களை வேலை வாங்கும் மண்டோர் வைத்த சட்டம் ஒன்றுதான்: மரத்தைச் சுற்றி ஒரு புல் நிற்கக் கூடாது. நின்றால் மொத்தக் கூட்டமும் திரும்ப அந்த நிரைக்கு வர வேண்டும். பதினாறு வருஷம் அப்படிச் செதுக்கிய கை இது. புல்லைப் பார்த்தாலே எனக்கு அது யாரோ செய்யாமல் விட்ட வேலையாகத்தான் தெரியும்.

குளத்துக்கு வந்து ஒரு வருஷம் கழித்து மூன்றாம் குளத்தை என் பொறுப்பில் விட்டார்கள். அந்த வருஷம் நல்ல வெயில். தவுக்கே பார்க்க வருகிறார் என்றதும், நான் நான்கு ஆட்களை வைத்துக்கொண்டு கரையைச் சுத்தம் செய்தேன். உள்சரிவில் இருந்த கோரை, கொடி, லாலான் புல் எல்லாவற்றையும் வேரோடு செதுக்கி எடுத்தேன். வெளியே இருந்த வடிகாலை இரண்டு முழம் ஆழமாக்கி, அடியில் வந்த கறுப்புச் சேற்றை அள்ளிக் கரைமேல் போட்டு, மண்வெட்டியின் முதுகால் தட்டி வழவழவென்று ஆக்கினேன். தவுக்கே வந்தார். தார் ரோடு மாதிரி இருக்கிறது என்று மலாயில் சொல்லிவிட்டு, செருப்போடு அந்தக் கரைமேல் முழுச் சுற்றும் நடந்தார். மற்ற ஐந்து குளத்துக் கரையையும் இப்படியே செய்யுங்கள் என்று உத்தரவாயிற்று. எப்படிச் செதுக்குவது என்று எல்லாக் குளத்து ஆட்களுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அந்தக் கறுப்புச் சேற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். கண்டல் காட்டு மண்ணில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து கிடக்கின்றன. தண்ணீருக்குள் இருக்கும்வரை அவற்றால் யாருக்கும் தொல்லையில்லை. வெளியே எடுத்து வெயிலில் காயப் போட்டால் காற்றுப் பட்டுப் புளிக்கத் தொடங்கும். மேலே மழை பெய்தால் அந்தப் புளிப்பு கரைந்து வடியும். பேட்டரிக்குள் ஊற்றும் அமிலத்துக்கு அது உறவு. கரையில் புல் இருந்தால் வேர் மண்ணை ஈரமாகப் பிடித்துக்கொள்ளும், மழை நேரே மண்ணில் அறையாது. நான் அந்தப் புல்லைத்தான் எடுத்துவிட்டேன்.

இந்த விளக்கமெல்லாம் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டது. ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் பொய். ஐந்தாறு வாரம் மழையில்லாமல் கரை வெடித்தபோது, வெடிப்புக்குள் மஞ்சள் பூசியது போலக் கோடு கோடாகத் தெரிந்தது. செம்பனைத் தோட்டத்தில் இந்த மஞ்சளைப் பார்த்திருக்கிறேன். வடிகால் மண் அப்படி மஞ்சளாகிற இடத்தில் ஒரு செடி முளைக்காது, அந்த வடிகாலில் ஒரு மீன் இருக்காது. அது மனசில் ஓடியது. ஆனால் கரை அவ்வளவு அழகாக இருந்தது. பலகையை நான்கு முறை போய்ப் பார்க்கிற நான், அந்த வெடிப்பை மறுபடி குனிந்து பார்க்கவில்லை.

பிறகு இரண்டு நாள் அடுத்தடுத்து நல்ல மழை. மூன்றாம் நாள் காலை தீனித் தட்டைத் தூக்கிய அஞ்சலை, கரையிலிருந்தே என்னைக் கூப்பிட்டாள். அஞ்சலை என் குளத்தில் தீனி போடுகிறவள். என்னைவிடப் பத்து வயது இளையவள். வாய் மட்டும் அப்படியில்லை.

“மாரிண்ணே, இங்க வாங்க. உங்க புள்ளைங்க நேத்துப் போட்ட சோத்தையே தொடல. நீங்க வேற எடத்துல விருந்து வச்சீங்களா?”

தட்டில் தீனி ஊறி அப்படியே கிடந்தது. தண்ணீரைப் பார்த்தேன். அடி தெரிந்தது. நான்காம் குளத்துக்காரர் ஒருவர் அந்தப் பக்கமாகப் போனவர் நின்று பார்த்து, “ஒங்க தண்ணி மட்டும் கண்ணாடி மாதிரி இருக்குலா. என்னா போட்டீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். பாராட்டாகத்தான் கேட்டார். நீங்கள் ஒருபோதும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ளாதீர்கள். இறால் குளத்துத் தண்ணீர் இளம்பச்சையாக, கையை முழங்கை வரை விட்டால் விரல் மறைகிற மாதிரி இருக்க வேண்டும். ஒரே நாளில் தெளிந்துவிட்டது என்றால் அதில் மிதந்த பச்சை உயிரெல்லாம் செத்து அடியில் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

வலையை வீசி நான்கு இறால் எடுத்தேன். பௌர்ணமியை ஒட்டி இறால் ஓடு மாற்றும்; அந்தக் கணக்குக்கு அவையும் புது ஓடு மாற்றியிருந்தன. மாற்றி இரண்டு நாளாகியும் ஓடு நனைந்த காகிதம் போல அமுங்கியது. செவுள் வெள்ளையாக இருக்க வேண்டியது துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. ஓரத்துத் தண்ணீரில் புளிப்புப் பார்க்கும் தாளை நனைத்தேன். எப்போதும் பச்சைக்கு வரும் தாள் ஆரஞ்சுக்குப் போனது. மதகுப் பலகையில் இருந்த நத்தைகள் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் ஏறி வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக்கூட அங்கே இருக்கப் பிடிக்கவில்லை.

எட்டு மணிக்கு மேனேஜர் மோட்டார் சைக்கிளில் வந்தார். தமிழ்நாட்டுக் கடலோர ஊரிலிருந்து வந்த குடும்பத்து முஸ்லிம். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். கெட்டிக்காரர், நியாயமானவர், ஆனால் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் கையோடு செய்துவிட வேண்டும் அவருக்கு.

செவுளைப் பார்த்ததும், “நோய் வந்திருச்சு” என்றார். “சுங்கை பெசார் பக்கம் ஒருத்தர் கொளத்துல இப்படித்தான் ஆனதாம். தீனியில மருந்து கலக்கிப் போடு. சாயந்தரம் பெரிய கடல் ஏத்தம், அஞ்சரைக்கு ஆத்துல தண்ணி உச்சியில நிக்கும். மதகை முழுசாத் தொறந்து பழைய தண்ணிய மாத்திரு.”

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அஞ்சலைதான் கரையடியைக் காட்டி, “பாய், அங்க பாருங்க, சரிவுலேருந்து செவப்பா என்னமோ வடியுது” என்றாள்.

“மழத் தண்ணிலா, மண்ணு கரைஞ்சு வருது” என்றேன் நான்.

பாய் தலையாட்டிவிட்டு மருந்துக்கு ஆள் அனுப்பப் போனார். அஞ்சலை என்னைப் பார்த்தாள். தட்டைக் கழுவப் போய்விட்டாள். அவள் ஏதாவது கேலி பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஏன் பொய் சொன்னேன் என்று உங்களுக்குத் தோன்றும். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வெளியே வந்து, பலகை வீடு ஒன்றில் குடியேறி ஆறு மாதம் ஆகியிருந்தது. குளத்து வேலை போனால் திரும்பவும் செதுக்குகிற கூட்டத்துக்குத்தான் போக வேண்டும். அந்தப் பயம் ஒன்று. இன்னொன்று, அந்தக் கரை என் கையால் செய்ததிலேயே நல்ல வேலை என்று நான் நினைத்திருந்தது. அதைக் குற்றம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பத்து மணிக்கு ஓரத்தில் செத்த இறால் ஒதுங்கத் தொடங்கியது. முதலில் ஏழெட்டு. பிறகு கையால் அள்ளுகிற மாதிரி. மருந்து கலந்த தீனியைப் போட்டோம். அதையும் தொடவில்லை. சாப்பிடாத பிராணிக்குத் தீனியில் மருந்து வைத்து என்ன பயன் என்று அந்தக் கலவரத்தில் யாரும் யோசிக்கவில்லை.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சரி, சாயந்தரம் வரப் போகிற தண்ணீரையாவது பார்ப்போம் என்று உப்புக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனேன். ஆறு காப்பி நிறத்தில் இருந்தது. ஆற்றின் மேல்பக்கத்து நெல் வயல்களிலும் தோட்டங்களிலும் மதகுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். வைக்கோலும் செம்பனை மட்டையும் மிதந்து வந்தன. ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். தாளையும் நனைத்தேன். அதுவும் பச்சைக்கு வரவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று கேளுங்கள். இறாலின் உடம்புக்குள் உப்பு ஒரு கணக்கில் இருக்கிறது. வெளித் தண்ணீரின் உப்பு ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே இருக்கிற கணக்கைக் காப்பாற்ற அது ஓயாமல் வேலை செய்கிறது. அந்த வேலையைப் பெரும்பாலும் செவுள்தான் செய்கிறது. மெதுவாக மாறினால் சமாளித்துக்கொள்ளும். ஓடு மாற்றிய சமயத்தில் அதன் உடம்பு திறந்து போட்ட வீடு மாதிரி. தண்ணீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துப் புது ஓட்டைக் கெட்டியாக்கிக் கதவைச் சாத்த வேண்டும். புளித்த தண்ணீரில் அது முடியவில்லை. செவுளிலும் துரு ஏறிவிட்டது. இப்படி இரண்டு பக்கமும் அடி வாங்கி நிற்கிறதன் மேல் ஒரே மணி நேரத்தில் உப்பில்லாத தண்ணீரைக் கொட்டினால், நோய் எதுவும் தேவையில்லை. காலைக்குள் குளம் முழுக்க வெள்ளையாகப் புரண்டு கிடக்கும்.

பாய்க்கு நோய் என்று மட்டும்தான் தெரியும். நோய் என்றால் தண்ணீர் மாற்றுவது சரிதான். காரணம் கரை என்று தெரிந்தவன் நான் ஒருவன். நான் வாய் திறக்காவிட்டால் அஞ்சரைக்கு மதகு திறக்கும்.

மணி இரண்டிருக்கும். நேரே அவர் கொட்டகைக்குப் போனேன்.

“பாய், மதகத் தொறக்காதீங்க.”

“ஏன்?”

“இது நோயில்ல. நான் செதுக்குன கரை. அடியில எடுத்துப் போட்ட கறுப்புச் சேறு காஞ்சு புளிச்சு, மழையில கொளத்துக்குள்ள வடிஞ்சிருச்சு. காலையில அஞ்சல காட்டுனது அதுதான்.”

அவர் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார்.

“காலையில எட்டு மணிக்கு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும் பாய்.”

“தெரிஞ்சுக்கிட்டுத்தான் மழத் தண்ணின்னு சொன்ன?”

“ஆமா.”

வைவார் என்று நினைத்தேன். வையவில்லை. நாற்காலியிலேயே ஆற்றுப் பக்கம் திரும்பினார்.

“ஆத்துத் தண்ணி எப்படி இருக்கு?”

“உப்பே இல்ல. புளிப்பும் இருக்கு.”

“தொறக்கலன்னா உள்ள இருக்கிற கெட்ட தண்ணி எப்படிப் போவும்?”

“மழத் தண்ணி மேலதான் மெதக்குது பாய். உப்புத் தண்ணி அடியில கெடக்கு. இப்ப வெளிய ஆறு இன்னும் தாழத்தான் கெடக்கு. மதகுல மேல் பலகைய மட்டும் எடுத்தா மேல் தண்ணி தானா போயிரும். ஏத்தம் வர்றதுக்குள்ள பலகையப் போட்டுரலாம். ஓரம் பூரா சுண்ணாம்புத் தூள் கரைச்சு ஊத்தலாம். இன்னொரு மழ வர்றதுக்குள்ள கரைய மூடணும். ரெண்டு மூணு நாள்ல ஆத்துல உப்பு ஏறுனப்பறம் கொஞ்சங் கொஞ்சமாத் தண்ணி எடுப்போம்.”

“அதுக்குள்ள எல்லாம் செத்துப்போனா?”

“எம் பேருல எழுதிக்குங்க.”

“ஒம் பேருல எழுதி என்னா செய்ய? தவுக்கே என்னத்தான் கேப்பாரு.” எழுந்து சட்டையை மாட்டினார். “சுண்ணாம்பு ஸ்டோர்ல இருக்கு. நட.”

முதல் வேலையாக மேல் பலகையை எடுத்தோம். இரண்டு விரல் தடிப்புக்குத் தெளிந்த தண்ணீர் ஆற்றுப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. அதற்குள் மற்ற வேலை. செம்பனை மட்டையும் ஆற்றோரச் சேற்றில் வளரும் நிப்பா ஓலையும் வெட்டி வந்து, வழவழவென்று நான் தட்டி வைத்த சரிவின்மேல் பரப்பினோம். உச்சியில் ஒரு சின்ன வாய்க்கால் கீறி, மழை பெய்தால் வெளிப்பக்கம் ஓடுகிற மாதிரி செய்தோம். அஞ்சலை ஓலைக் கட்டைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

“செதுக்கத்தான் நாலு பேரு வேணும்னீங்க. மூடறதுக்கு ஊரே வேணும் போலருக்கு.”

“போட்டுக்கிட்டே பேசு.”

“போடாமயா பேசறேன்? காலையில நீங்க சும்மா இருந்தப்பத்தான் நானும் சும்மா இருந்தேன்.”

சுண்ணாம்பில் ஒரு எச்சரிக்கை. அவசரத்தில் மூட்டை மூட்டையாகக் கொட்டிவிடத் தோன்றும். ஆட்களும் அதற்குத்தான் நின்றார்கள். நான் விடவில்லை. ஒரு வாளி கரைத்து ஓரமாக ஊற்றி, அரை மணி பொறுத்து, தாளைப் பார்த்து, பிறகுதான் அடுத்த வாளி. புளிப்பிலிருந்து ஒரே தாவலில் மறுபக்கம் போனால் அதுவும் இறாலுக்கு இன்னொரு அடி. எது கொடுத்தாலும் மெதுவாகக் கொடுங்கள், நல்லதையும்கூட.

ஐந்து மணிக்கு ஏற்றம் வேகமாக வந்தது. பலகையை இறக்கி, இடுக்கில் சேறு வைத்து அடைத்தோம். வெளியே ஆறு ஏறி ஏறி, மதகின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. உள்ளே செத்த இறால் ஓரமெல்லாம் ஒதுங்கிக் கிடந்தது. மற்ற குளத்து ஆட்கள் சிலர் வந்து நின்று பார்த்தார்கள். இவ்வளவு தண்ணீர் வாசலுக்கு வந்து நிற்க, செத்துக்கொண்டிருக்கும் குளத்துக்குள் அதை விடாமல் நிற்கிறார்களே என்று அவர்களுக்கு ஆச்சரியம். ஒருவர் கேட்டும்விட்டார். பாய் மதகுக் கம்பியில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

“தொறக்க வேணாமா?”

“வேணாம் பாய்.”

சரிதானா, சரிதானா என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் கண்ணாடியில் பார்த்தது மாறாது. ஆறே கால் வரைக்கும் அப்படியே நின்றோம். பிறகு தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

மறுநாளும் செத்தது. அதற்கடுத்த நாளும் செத்தது, முந்தின நாளைவிடக் குறைவாக. ஆற்றில் உப்பு ஏறியதும் அடிப் பலகை வழியாக ஒரு சாண், ஒரு சாணாகத் தண்ணீர் எடுத்தோம். குளத்தில் கால்வாசிக்கு மேல் போய்விட்டது என்று நினைக்கிறேன். அதில் ஒரு பங்கு என் அரை நாள் மௌனத்துக்குப் போனது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நான்காம் நாள் மீன்வளத் துறையிலிருந்து ஒரு மலாய்க்கார அம்மாவைப் பாய் அழைத்து வந்தார். நோயா இல்லையா என்று அவருக்கு உறுதியாகத் தெரிய வேண்டியிருந்தது. அந்த அம்மா என் குளத்தில் ஒரு இறாலையும் ஒன்றாம் குளத்தில் ஒரு இறாலையும் எடுத்து, மெல்லிய ஊசியால் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டுகளில் வைத்தார். இறால் ரத்தம் சிவப்பாக இருக்காது. தண்ணீர் போல, லேசாக நீலம் ஓடியிருக்கும். ஒன்றாம் குளத்துச் சொட்டு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறைந்தது. என் குளத்துச் சொட்டு உறையவே இல்லை. சாய்த்தால் ஓடியது.

அவர் மலாயில் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். கிருமி இரண்டு குளத்திலும் இருக்கிறது, எல்லாக் கடல் தண்ணீரிலும் இருக்கிறது. ரத்தத்தில் கிருமியை எதிர்க்கிற காவல்காரர்கள் இருக்கிறார்கள். காயத்தை அடைப்பதும் அவர்கள்தான். தண்ணீர் கெட்டால் உடம்பு தன் பலத்தையெல்லாம் உயிரைப் பிடித்துக்கொள்வதற்கே செலவழித்துவிடும். காவல்காரர்கள் குறைந்துபோவார்கள். அப்புறம் எப்போதும் இருக்கிற கிருமியே போதும். மருந்தைத் தேடாதே, தண்ணீரை ஒரே மாதிரி வைத்திரு, இரண்டு வாரத்துக்கு வலை போட்டு அவற்றைத் தொந்தரவு செய்யாதே என்றார்.

இரண்டு வாரம் வலை போடவில்லை. தட்டில் ஏறுகிறதை மட்டும் பார்த்தோம். தண்ணீர் மெல்லப் பச்சை கட்டியது. அந்த அம்மா வந்து போன ஐந்தாம் நாள் தட்டில் பாதித் தீனி குறைந்திருந்தது. எட்டாம் நாள் தட்டு காலி. பதினைந்தாம் நாள் காலையில் பாய் வந்து நிற்க, அஞ்சலை தட்டோடு வந்த ஒரு இறாலைத் தலைப்பக்கம் அழுத்திப் பிடித்தாள். அது ஒரு துள்ளுத் துள்ளித் தலைக் கொம்பால் அவள் கட்டைவிரலைக் குத்திவிட்டது. ரத்தம் வந்தது. அவள் விரலைப் பாயிடம் நீட்டினாள்.

“பாருங்க பாய், ஓடு கெட்டியாயிருச்சு.”

பாய் விரலைப் பார்த்தார், இறாலைப் பார்த்தார். சந்தோஷப்பட்டாரா என்று முகத்தில் தெரியவில்லை. நான்காம் குளத்துப் பக்கம் திரும்பினார். அங்கே நான்கைந்து பேர் மண்வெட்டியும் கையுமாகக் கரையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். தவுக்கேயின் பழைய உத்தரவு அப்படியே இருந்தது. ஆள் பற்றாமல் தள்ளிப்போயிருந்த வேலையை அன்றைக்குத்தான் தொடங்குகிறார்கள்.

“அவங்களுக்குச் செதுக்கக் கத்துக் கொடுத்தது யாரு?”

“நான்தான் பாய்.”

“அப்ப நீயே போயி நிறுத்து. ஏன்னு கேட்டா முழுசாச் சொல்லு. எட்டு மணியிலேருந்து சொல்லு.”

நான்காம் குளத்துக்கு ஐந்து நிமிஷ நடை. நான் போய்ச் சேர்வதற்குள் ஒருவர் கோரையில் முதல் வெட்டு வைத்துவிட்டார். கையைப் பிடித்து நிறுத்தினேன். என்னாண்ணே, ஒரு புல்லு நிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க என்று கேட்டார். ஆமாம், நான்தான் சொன்னேன், தப்பாகச் சொன்னேன், உட்காருங்கள் என்றேன். அவர்கள் மண்வெட்டியை நட்டுவைத்துவிட்டு அந்தப் புல்மேலேயே உட்கார்ந்தார்கள். நான் நின்றபடியே எட்டு மணியிலிருந்து சொன்னேன்.